அப்பத்தா வீட்டில் இருக்கும் மகனைச் சட்டப்படி அழைத்துவர

கேள்வி: கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகனுக்கு எட்டு வயது. வேலைக்காக நான் கோவைக்கு வந்தபோது அவனைக் கானாடுகாத்தானில் மாமனார் மாமியாரிடம் விட்டுவந்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. போன தையில் மறுமணம் செய்துகொண்டேன். அதிலிருந்து பிள்ளையைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. ‘பையன் மீது உரிமை கோர மாட்டேன்’ என்று பங்காளிகள் முன்னிலையில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் நகையும் சீர் சாமான்களும் அங்கேதான் இருக்கின்றன. என் அண்ணன், ‘வண்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய் அழைத்து வந்துவிடலாம்’ என்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள், அம்மா. அண்ணனையும் தடுத்து நிறுத்துங்கள்.

நகை, சீர், மாமியார் பேசிய பேச்சு எல்லாவற்றையும் இந்த வழக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வலி உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் கேட்கும் மனுவில் நகைக் கணக்கு ஏறினால், மனு முழுவதும் பண வழக்காகத்தான் தெரியும். நகைக்கு வழி தனி.

உங்களைப் பயமுறுத்துகிற இரண்டு விஷயங்களும் சட்டத்தில் அவ்வளவு கனமானவை அல்ல. முதலாவது மறுமணம். தந்தை இறந்தபின் தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மதம் மாறினாலோ துறவு பூண்டாலோதான் அந்த நிலை போகும். மறுமணத்தால் போகாது. இரண்டாவது அந்தப் பத்திரம். பெற்றவர் தம் பாதுகாவலர் பொறுப்பைத் திரும்பப் பெற முடியாதபடி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று 1914-லேயே அன்னி பெசன்ட் வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைத்து எழுதிக் கொடுத்த தந்தை, பிறகு மனம் மாறித் தொடுத்த வழக்கு அது. ஒப்படைத்ததைத் திரும்பப் பெறலாம் என்ற சட்டக் கருத்து அவர் பக்கம் நின்றது. ஆனாலும் பிள்ளைகள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வழக்கமாக வசித்த இடம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை என்று வழக்கு விழுந்தது. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் இருப்பது கோவை என்பதால் கோவையில் மனு போட முடியாது. பையன் வசிக்கும் கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். அந்த எல்லையில்தான் போட வேண்டும்.

பத்திரத்தில் ஒன்றை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். அது வெறும் ஒப்பந்தமா, பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் சுவீகாரப் பத்திரமா? பிள்ளை இல்லாத பங்காளிக்குப் பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் உங்கள் பக்கம் இன்றும் உண்டு. கணவரின் அண்ணன் தம்பி யாருக்காவது மகனைச் சுவீகாரம் கொடுத்ததாக எழுதி, அதில் சார்பதிவாளர் முத்திரையும் பதிவு எண்ணும் இருந்தால், சட்டப்படி நடந்த சுவீகாரம் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். சரியாக நடந்த சுவீகாரத்தை ரத்து செய்யவும் வழியில்லை. அப்படியானால் உங்கள் வழக்கே வேறு. நகல் வாங்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

சுவீகாரம் இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் மனு. ‘என்னைப் பாதுகாவலராக நியமியுங்கள்’ என்று கேட்க வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே பாதுகாவலர்தான். மகனை உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கக் கேளுங்கள். கூடவே 12-ஆவது பிரிவில், வழக்கு முடியும்வரை பையனைப் பார்த்துப் பழக இடைக்கால உத்தரவும் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். நீங்களே விட்டுவந்து மூன்று வருடம் வளர்ந்த பிள்ளை. ‘கீழ் நீதிமன்றத்துக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம், சில மாதங்கள் வீணாகும்.

இனி வழக்கு உண்மையில் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். உரிமை யாருக்கு என்பதில் நீதிபதிக்குச் சந்தேகம் வராது. தந்தையின் உரிமையைவிடத் தாத்தாவின் உரிமை மேலானதல்ல என்று 2025-ல் விவேக் குமார் சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தாய்க்கும் துணை நிற்கும். நீதிபதி கேட்கப்போவது இதுதான்: இந்த மூன்று வருடத்தில் நீங்கள் அந்தப் பிள்ளைக்கு யாராக இருந்தீர்கள்? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பிள்ளையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. 2024-ல் உச்ச நீதிமன்றம், அத்தை வளர்த்த பதினான்கு வயதுச் சிறுமியைப் பெற்ற தந்தையிடம் அனுப்ப மறுத்தது. ஊன்றிய இடத்தை விட்டு அவளைப் பெயர்க்க வேண்டாம் என்றுதான். காலம் வளர்த்தவர் பக்கம்தான் ஓடும். ஆகவே மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு, பள்ளிக் கட்டண ரசீது, வீடியோ கால் பதிவு, லீவுக்கு ஊருக்கு வந்துபோன டிக்கெட் எல்லாவற்றையும் திரட்டுங்கள். மறுமணத்துக்குப் பிறகு பணம் அனுப்புவதை நிறுத்தியிருந்தால் இன்றே மறுபடி தொடங்குங்கள். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள். திரும்பி வரும் படிவமே சாட்சி.

பள்ளி வாசலில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஆள் கடத்தலைச் சொல்லும், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவில், பிள்ளை முறையாக ஒப்படைக்கப்பட்ட நபரும் ‘சட்டப்படியான பாதுகாவலர்’ ஆவார். உங்கள் மாமியார் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். நல்லெண்ணத்தோடு உரிமை இருப்பதாக நம்பிய தாய்க்கு அதே பிரிவில் விதிவிலக்கு உண்டு. வண்டி ஓட்டிய அண்ணனும் புதுக் கணவரும்தான் எஃப்.ஐ.ஆரில் நிற்பார்கள். மறுவாரம் மாமனார் மனு போட்டு, பையனை ஆஜர்படுத்த உத்தரவு வாங்குவார். மனுதாரராக நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நீங்கள் எதிர்மனுதாரராகப் போவீர்கள். பையன் அங்கே அப்பத்தாவைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுவான். நீதிபதி மறக்காத காட்சி அது. எட்டு வயதுப் பிள்ளையை அறைக்குள் கூப்பிட்டுத் தனியாக விசாரிப்பார். வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் திரும்புகின்றன.

பார்க்க உத்தரவு கிடைத்தபின் வரும் ஆபத்தும் சின்னதல்ல. சனிக்கிழமை கோவையிலிருந்து வர முடியவில்லை என்று இரண்டு முறை தவறவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை எண்ணி வைத்திருப்பார். முதல் சந்திப்பில் பையன் கிட்டேயே வராமல் போகலாம். உடைந்துபோகாதீர்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். புதுக் கணவரை ஆரம்பத்தில் அழைத்துப் போக வேண்டாம். ‘அம்மாகூட வந்துடுறியா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அது அப்படியே நீதிமன்ற மனநல ஆலோசகரின் அறிக்கையில் ஏறும். வீட்டுப்பாடம் பாருங்கள், சாப்பாடு ஊட்டுங்கள், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி வந்தும் ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால், மனு போட்ட கையோடு சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வழக்கு ஜெயித்தாலும், மகனை இழந்த அந்த வீட்டிலிருந்து பேரனையும் பிடுங்கிக்கொண்டு வருகிற நிலை உங்களுக்கும் பையனுக்கும் நல்லதல்ல. இத்தகைய வீடுகளில் பெரியவர்கள் உண்மையில் அஞ்சுவது இரண்டு: பேரன் முகம் பார்க்க முடியாமல் போகும், அவன் பங்கு புதுக் கணவர் கைக்குப் போகும். இரண்டாவதை நீங்களே முந்திக்கொண்டு தீர்த்துவிடலாம். மகன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்கள் விற்கவே முடியாது, அதே 1956 சட்டத்தின் 8-ஆவது பிரிவு. அதோடு, அந்தப் பங்கிலிருந்து வரும் பணத்தை மகன் பெயரில் டெபாசிட் செய்து, பதினெட்டு வயதுவரை தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். பாதிக் கோபம் அங்கேயே தணியும்.

ஏற்பாடு படிப்படியாக இருக்கட்டும். ஏப்ரல் தேர்வு முடியும்வரை கானாடுகாத்தானிலேயே இருக்கட்டும், மாதம் இரண்டு வாரக் கடைசி உங்களோடு. மே மாதம் முழுவதும் கோவை. ஜூனில் அங்கே பள்ளி. அதன்பின் பொங்கல், காலாண்டு விடுமுறை, குலதெய்வப் படைப்பு நாட்கள் அப்பத்தா வீட்டில் என்று தேதியோடு எழுதுங்கள். ‘விருப்பப்படி’ என்று எழுதினால் ஆறே மாதத்தில் சண்டை. டி.சி., ஆதார், பிறப்புச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் கைக்கு வரவேண்டும் என்பதும் இருக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பாதுகாவலராக மாமனார் பெயர் இருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் டி.சி. தரப் பள்ளி தயங்கும். அவர் ஒப்புதலையும் ஏற்பாட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இதைப் பங்காளிகள் முன்னிலையில் இன்னொரு பத்திரமாக எழுதாதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவாகத் தாக்கல் செய்து, நீதிமன்ற உத்தரவாக வாங்குங்கள். அப்போதுதான் ஜூன் மாதம் பையனை அனுப்ப மறுத்தால் புது வழக்கு போடாமல் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட முடியும்.