லாத்வியர்களுக்கும் போலந்துக்காரர்களுக்கும் இடையிலான உறவு வரலாற்றில் எப்படிப்பட்டது?

நட்பு என்றே சொல்வேன். ஆனால் அதைப் புரிந்துகொள்ள லாத்வியாவின் கிழக்கே உள்ள லாட்கலேயிலிருந்து தொடங்க வேண்டும். தலைநகர் ரீகாவில் படித்த காலத்தில் ஒருமுறை ரயிலேறி அப்பகுதியின் பெரிய நகரமான டௌகாவ்பில்ஸுக்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் கதவில், திருப்பலி நேரங்களை லாத்விய மொழியிலும் போலிஷ் மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். மேற்கிலும் வடக்கிலும் லுத்தரன் சபை வேரூன்றிய ஒரு நாட்டில் இந்த மூலை மட்டும் கத்தோலிக்கமாக இருப்பது ஏன் என்று அப்போதுதான் தேடத் தொடங்கினேன்.

1629-இல் ஸ்வீடனுடன் செய்துகொண்ட போர்நிறுத்தத்தில் ரீகாவை இழந்த போலந்து-லித்துவேனியக் கூட்டரசு, லாட்கலேயை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1772-இல் ரஷ்யா அதைப் பறிக்கும் வரை அந்த ஆட்சி நீடித்தது. அந்த நூற்று நாற்பது ஆண்டுகளில்தான் கத்தோலிக்க மதம் அங்கு ஆழப் பதிந்தது. லாட்கலே மொழியின் பழைய எழுத்துமுறைகூடப் போலிஷ் எழுத்துமுறையைப் பின்பற்றியதே. நிலம் போலிஷ் பேசிய பிரபுக்களிடம் இருந்தது. அதை உழுதவர்களோ லாத்வியக் குடியானவர்கள். இந்தக் கசப்பை விட்டுவிட்டு நட்பை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

அந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் 1920 ஜனவரி 3 என்னை மிகவும் நெகிழ வைக்கிறது. கடுங்குளிரில் இறுகி உறைந்திருந்த டௌகவா ஆற்றின் பனிக்கட்டி மீதே, தளபதி ரிட்ஸ்-ஷ்மிக்வி தலைமையிலான போலந்துப் படையினர் நடந்து கடந்தார்கள். லாத்வியப் படையுடன் சேர்ந்து சோவியத் ரஷ்யாவின் செம்படையிடமிருந்து டௌகாவ்பில்ஸை மீட்டார்கள். தங்கள் முன்னோர் ஆண்ட அந்த நகரை அதே ஆண்டிலேயே புதிய லாத்வியக் குடியரசிடம் ஒப்படைத்தார்கள்.

பிறகு உரசல்கள் வராமல் இல்லை. லாத்வியாவின் நிலச் சீர்திருத்தத்தில் பண்ணைகளை இழந்த போலந்துப் பிரபுக்களுக்கான இழப்பீடு நெடுநாள் வழக்காக இழுத்தது. அதைவிடப் பெரிய இடையூறு, இன்று லித்துவேனியாவின் தலைநகராக உள்ள வில்னியஸ்: அந்நகருக்காகப் போலந்தும் லித்துவேனியாவும் பகைத்து நின்றதால், அன்று இரண்டுக்கும் அண்டை நாடாக இருந்த லாத்வியா எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. 1922-இல் வார்சாவில் போலந்து, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாடும், பின்லாந்து நாடாளுமன்றம் ஏற்காததால் பயனற்றுப் போனது.

சோவியத் பிடியிலிருந்து லாத்வியா விடுபட்ட 1991-இல் தூதரக உறவு மீண்டது. 2004-இல் இரு நாடுகளும் ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. டௌகாவ்பில்ஸின் போலிஷ் பள்ளிக்கு இன்று, 1920-இல் போலந்தின் தலைவராக இருந்த பியூசுட்ஸ்கியின் பெயர். அந்தப் பனிக்காலப் போரில் மாண்ட போலந்து வீரர்களுக்கு அந்நகரிலேயே ஓர் உயர்ந்த சிலுவை எழுப்பியிருக்கிறார்கள்.