அத்தைக்கு அந்தக் காப்ஸ்யூல் வேண்டாம்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அத்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய். ரங்கூனில் அறுவை முடிந்து, இப்போது கழுத்துக் குழாய் வழியே மருந்து ஏற்றுகிறார்கள். பாக்டீரியாவையும் டி செல் என்னும் இரத்த வெள்ளணுவையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பாது என்று தம்பி படித்திருக்கிறான். 'நல்ல பாக்டீரியா' காப்ஸ்யூல் ஒரு டப்பாவும் வாங்கி வந்துவிட்டான். கொடுக்கலாமா?
- வாசகி, மோல்மேன்

பதில்: டப்பாவைத் திறக்காதீர்கள், அம்மா. மருந்து ஏற்றும் காலத்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறையும். அப்போது காப்ஸ்யூலில் உள்ள பாக்டீரியாவே இரத்தத்தில் இறங்கிக் காய்ச்சல் கொண்டுவந்ததுண்டு.

தம்பி படித்தது பொய்யில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோயாளியின் டி செல்லை எடுத்து, ஓர் அடையாளத்தைக் கண்டால் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் சிகிச்சை இரத்தப் புற்றுநோயில் பலிக்கிறது. குடல் கட்டியில் தடுமாறுகிறது. அங்கே கெட்ட செல்லுக்கென்று தனி முகம் கிடைப்பது அரிது. ஆகவே பாக்டீரியாவை முன்னே அனுப்பினார்கள். பிராணவாயு குறைந்த கட்டியின் நடுவே அது குடியேறிப் பெருகி, பிறகு உடைந்து, ஒரு செயற்கைப் புரதத்தைச் சுற்றிலும் பூசிவிடும். டி செல் அந்தப் பூச்சைத் தேடி வரும். கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஆட்டின் மேல்தானே கத்தி விழும்? அதே கணக்கு. ஆனால் இதெல்லாம் எலியில் நடந்தது.

அந்தப் பாக்டீரியாவின் பூர்வீகம் 1917. கூட இருந்தவர்களெல்லாம் வயிற்றுப்போக்கில் படுக்க, நோய் தொடாத ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லே பிரித்தெடுத்தது. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

மனிதரிடம் பலித்த பாக்டீரியா மருந்தும் உண்டு. குழந்தைக்குக் குத்தும் காசநோய்த் தடுப்பூசி பிசிஜிதான் அது. மேலோட்டமான சிறுநீர்ப்பைப் புற்று திரும்பாமலிருக்க அதைக் குழாய் வழியே உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்வோம். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். என்னிடம் வந்த மரக்கடைக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, முள்ளையே முறைத்துக்கொண்டிருப்பார். குடலுக்கு அது உதவாது.

அத்தைக்கு வேண்டியது வேறு. முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ இரத்தப் பரிசோதனை. அறுவை முடிந்து ஓராண்டில் கொலனோஸ்கோபி, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. இந்தத் தேதிகளை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டு நாள்காட்டியில் வட்டமிடுங்கள்.

டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்காவிட்டால் தம்பியே விழுங்கட்டும்.