கேம்ப் ஸ்கேனில் டி-ஸ்கோர் -2.7: பவுடர் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை. எடை 36 கிலோ. 10 மாதமாக மாதவிலக்கு இல்லை. இலவச கேம்ப்பில் குதிகாலை ஸ்கேன் செய்து, டி-ஸ்கோர் -2.7, ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலியும் நோய்) என்றார்கள். 6 மாதத்துக்கு எலும்புக்கான பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இப்படிப்பட்ட கேம்ப்புகளைப் பவுடர் விற்பவர்களே நடத்துவதும் உண்டு. அப்போது மிஷினும் அவர்களுடையது, ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் சிவப்புக் கட்டமும் அவர்களுடையது. குதிகால் ஸ்கேனை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. இடுப்பு, முதுகெலும்பில் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுங்கள். அதில் கதிர்வீச்சு மிகக் குறைவு. டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண். உங்கள் மகள் வயதுக்குப் பார்க்கவேண்டியது இசட்-ஸ்கோர், அதாவது அதே வயதினரோடு ஒப்பிடும் எண். -2 அல்லது அதற்குக் கீழே போனால் ‘வயதுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு’ என்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து இந்த வயதில் ஆஸ்டியோபோரோசிஸ் என்று முத்திரை குத்தக்கூடாது.

ஆனால் எலும்புக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டினியில் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பு விழுந்துவிடும், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். எலும்பு சேரவேண்டிய வயதில் கரைகிறது. இதற்குக் கால்சியம் மட்டும் போதாது. எடை ஏறி, மாதவிலக்கு தானாகத் திரும்பவேண்டும். கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது. மாதவிலக்கு தானாகத் திரும்பாததை மறைக்கத்தான் உதவும். குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பிடாமல் இருப்பது, மனநல மருத்துவரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய். மயக்கம், படபடப்பு இருந்தால் ஸ்கேனை விடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு விஷயத்திலும் காத்திருக்கக்கூடாது. நடந்தால் பாதத்திலோ, முழங்காலுக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ ஒரே இடத்தில் வலிக்கிறதா? எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்-ரே பெரும்பாலும் ‘நார்மல்’ என்றே வரும். அந்தத் தாளை நம்பி நடக்கவிட்டால் விரிசல் முழு முறிவாகலாம்; தொடை இடுக்கென்றால் ஆபரேஷன் வரை போகும். ஊன்றி நடப்பதை நிறுத்திவிட்டு எம்ஆர்ஐ எடுக்கவேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல்: நீண்ட பட்டினியில் எலும்பு மஜ்ஜையே மாறிப்போய், படத்தில் நீர் கோத்ததுபோல வெளிச்சமாகத் தெரியலாம். விவரம் தெரியாதவர் புற்றுநோயோ என்று சந்தேகிப்பார், அல்லது அந்த வெளிச்சத்தில் விரிசலைத் தவறவிடுவார்.  ஆகவே எடை, கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிடாமல் இருக்கும் காலம் மூன்றையும் ஸ்கேன் சீட்டின் ஓரத்திலாவது நீங்களே எழுதிக் கொடுங்கள்.