கறுப்பு மரணம் என்றால் என்ன? அது ஐரோப்பியச் சமூகத்தை எப்படி மாற்றியது?

1347 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் கொள்ளைநோயைத்தான் கறுப்பு மரணம் என்கிறோம். 1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த நோய், அடுத்த ஆண்டே இங்கிலாந்தை எட்டியது. மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டிருப்பார்கள். ஊர் ஊராகப் பிணம் புதைக்கவே ஆளில்லாமல் போன காலம் அது.

சரி, சமூகம் எப்படி மாறியது? ஆள் குறைந்தது, நிலம் அப்படியே இருந்தது. அறுவடைக்கு நெல் சாய்ந்து நிற்கும்போது ஊரில் பாதிப் பேர் இல்லையென்றால் என்ன ஆகும்? இருப்பவர் கேட்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அங்கேயும் அதுதான் நடந்தது. பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த பண்ணையாள், பக்கத்து ஊரில் கூடுதல் கூலி என்றால் கிளம்பிப் போனார். நிலக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நோய்க்கு முந்தைய கூலியைத்தான் வாங்க வேண்டும் என்று 1351-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டமே போட்டது. உறவுகளைப் பறிகொடுத்து மிஞ்சியவர்கள் மேல் இப்படி ஒரு சட்டம்! அந்தக் கோபத்தோடு, ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரியும் சேர்ந்து 1381-இல் உழவர் கிளர்ச்சியாக வெடித்தது. கிளர்ச்சியை நசுக்கினார்கள். ஆனால் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை மெல்லத் தேய்ந்து மறைந்தது.

பிளேக் ஐரோப்பா முழுவதும் உழவரை விடுவித்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: கிழக்கு ஐரோப்பாவில் பிந்தைய நூற்றாண்டுகளில் பண்ணையடிமை முறையின் பிடி இறுகியது, ரஷ்யாவில் 1861-இல்தான் அது ஒழிந்தது.