வறுக்கிற நாளிலேயே வாரம் முழுவதற்கும் ரீல்ஸ்: சிறுதொழில் கேள்வி பதில்

வீட்டிலும் சிறு கடைகளிலும் தொழில் நடத்தும் வாசகர்கள், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பதிவுகள் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து கூரியரில் அனுப்புகிறேன். வறுப்பது முதல் பார்சல் கட்டுவது வரை நான் ஒருத்திதான். தினமும் ஒரு ரீல் போட்டால்தான் ஆர்டர் வரும் என்கிறார்கள். எனக்கு அதற்கு நேரமே இல்லை. என்ன செய்வது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தினமும் போட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு ரீல், விலையோடு ஒரு படப் பதிவு, இவை போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் தினமும் இருக்கட்டும். இந்த அளவை ஆறு மாதம் விடாமல் செய்தால், தினம் ஒன்று என்று ஆரம்பித்து மூச்சுத் திணறி நிறுத்துவதைவிடப் பலன் அதிகம்.

உங்கள் நேரத்தை அதிகம் தின்பது ‘இன்று என்ன போடலாம்’ என்ற யோசனைதான். வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாகப் பேசிய ஐம்பது பேர் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை நாள் கெடாது? பூண்டு சேர்த்ததா? குழந்தைக்குக் காரம் குறைவாகக் கிடைக்குமா? கால் கிலோ என்ன விலை? பெங்களூருக்குப் போய்ச் சேர எத்தனை நாள்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. பத்துக் கேள்வி சேர்ந்தால் ஒரு மாதம் ஓடிவிடும்.

படம் எடுக்கவும் தனி நாள் ஒதுக்காதீர்கள். பொடி வறுக்கும் நாளில், அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி ட்ரைபாட்டில் போனை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து விநாடி மட்டும் பதிவு செய்து நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் ஒரே ஓட்டமாக ஓடவிட்டால், பிறகு அதற்குள் தேடி வெட்டவே ஒரு பொழுது போய்விடும். எடுக்க வேண்டியவை: உளுந்து சிவப்பது, மிளகாயைக் கிள்ளிப் போடுவது, எள் படபடவென்று வெடிப்பது, பெருங்காயக் கட்டி எண்ணெயில் பொரிவது, தட்டில் பரப்பி ஆறவிடுவது, அரைத்த பின் மிக்ஸி மூடியைத் திறப்பது, பொடியை விரலில் தேய்த்துக் கொரகொரப்பைக் காட்டுவது, தராசில் 250 கிராம், பாக்கெட்டில் கொட்டுவது, சீல் போடுவது, லேபிளில் தயாரித்த தேதி, கடைசியாகச் சூடான இட்லியும் நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிய பொடியும். மொத்தம் பன்னிரண்டு துண்டுகள். எடுக்கும் நேரம் இரண்டு நிமிடம்தான். மீதியெல்லாம் எப்படியும் நீங்கள் செய்கிற வேலை.

முதல் ரீலில் துண்டுகளை வேலை நடந்த வரிசையில் 25 முதல் 30 விநாடிக்குள் அடுக்குங்கள். ஆனால் தொடக்கத்தில் இட்லியும் எண்ணெயும் இரண்டு விநாடி வரட்டும். ‘வணக்கம் நண்பர்களே’, சுழலும் லோகோ இரண்டுமே வேண்டாம். அது முடிவதற்குள் பார்ப்பவர் விரலைத் தள்ளிவிடுவார். இரண்டாம் ரீலுக்கு நோட்டிலிருந்து ஒரு கேள்வி. பதிலை உங்கள் குரலில் சொல்லி, மேலே பொருத்தமான நான்கு துண்டுகளைப் போடுங்கள். தராசும் லேபிளும் விலைப் பதிவுக்கு. மிச்சமுள்ள துண்டுகள் ஸ்டேட்டஸுக்கு.

குரலை அடுப்படியில் பதிய வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். டைல்ஸ் சுவர் எதிரொலிக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் நின்று போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசுங்கள். துணிகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும்.

கடாய்ப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் லென்ஸில் படியும். படம் பால் ஊற்றியது போல மங்கினால் பழுது போனில் இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். 1080பி தரம் போதும். 4கே ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். வேறொருவர் போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும்.

வெட்டி ஒட்ட, இன்ஸ்டாகிராமே 2025இல் கொண்டுவந்த ‘எடிட்ஸ்’ செயலி இலவசம், வாட்டர்மார்க் விழாது. இன்ஸ்டாகிராமின் புரொஃபெஷனல் கணக்கில் 75 நாள் வரை முன்கூட்டியே ஷெட்யூல் செய்து வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மூன்றையும் ஏற்றிவிட்டால், மற்ற நாட்களில் பதில் சொல்வதும் பார்சல் அனுப்புவதும்தான் வேலை.

கேள்வி: கைத்தறிப் பட்டு, பருத்திச் சேலைகள் விற்கிறேன். ‘படத்தில் பார்த்த நிறம் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல போன்தான் வைத்திருக்கிறேன். (வாசகி, ஆரணி)

பதில்: போன் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்குத் தானாகத் திருத்தவும் செய்யும். சிக்கலே அங்கேதான். கருப்புத் துணி மேல் சேலையை விரித்தால், காட்சி இருட்டாக இருப்பதாக நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். அரக்கு, செக்கச் சிவப்பாகிவிடும். வெள்ளை விரிப்பில் இதற்கு நேர்மாறு, மாம்பழ மஞ்சள் அழுக்கேறித் தெரியும். பச்சை, ரோஸ் சுவர் உள்ள அறையில் எடுத்தால் சுவரின் நிறம் பட்டின் மேல் தெறிக்கும். பூசிய, வண்ணம் அடிக்காத சிமென்ட் சுவர் மிகப் பொருத்தமான பின்னணி. அது இல்லையென்றால் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

வெளிச்சம் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் எல்.இ.டி. விளக்கும் கலந்தால், சேலையின் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள் பாயும். விளக்குகளை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் அருகே, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுங்கள். திரையில் சேலையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் புரோ மோடு இருந்தால் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 5,500 கெல்வின் அருகே நிறுத்தி, நேரில் பார்க்கும் நிறத்தோடு ஒப்பிட்டுச் சற்றே கூட்டிக் குறையுங்கள். ஐபோனில், கேமரா அமைப்புகளின் ‘ரெக்கார்ட் வீடியோ’ பகுதியில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டும் வசதி இருக்கிறது. பியூட்டி, ஃபில்டர் எதுவும் கூடாது.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்து போன்ற சேலைகளுக்கு நிழற்படம் போதவே போதாது. பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டுவதுதான் அவற்றின் அழகே. படத்தில் ஏதோ ஒரு நிறம்தான் விழும். பெட்டியைத் திறக்கும்போது மற்றொன்று தெரியும். உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மடிப்பைக் கையில் பிடித்து, ஜன்னலை நோக்கி ஐந்து விநாடி மெல்லத் திருப்பிக் காட்டும் வீடியோவை ஒவ்வொரு இரட்டை நிறச் சேலைக்கும் கட்டாயம் எடுங்கள். ஜரிகைக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நேர் எதிரே வந்தால் பளீரென்று வெளுத்து, புட்டாவின் வேலைப்பாடு காணாமல் போகும்.

சிறு கட்டம், மெல்லிய கோடு போட்ட சேலைகளில் படத்தில் அலை அலையாக ஓடுகிறதா? நூலின் வரிசையும் கேமரா சென்சாரின் வரிசையும் மோதுவதால் வருவது. ஒரு அடி முன்னால் வாருங்கள், அல்லது போனைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள், போய்விடும்.

வாங்குபவர் திரை எப்படிக் காட்டும் என்பது நம் கையில் இல்லை. அதனால் நிறத்தைச் சொல்லிலும் எழுதுங்கள்: அரக்கு, வெங்காயத் தோல், எம்.எஸ். நீலம். கூடவே நீளம், ரவிக்கைத் துணி ஒட்டியிருக்கிறதா, எந்த நூல், வீட்டில் துவைக்கலாமா, விலை, கூரியர் செலவு. ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று தயவுசெய்து போடாதீர்கள். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே போய்விடுவார்கள். கேட்கிற நாற்பது பேருக்கும் ஒரே பதிலைத் தட்டச்சு செய்ய உங்கள் மாலைப்பொழுது போய்விடும்.

கேள்வி: தையல், ஆரி வேலை செய்யும் கடை. உள்ளே எடுக்கும் வீடியோவில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. (வாசகர், திருச்சி)

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. போன் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஐபோனில் அமைப்புகள், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை இயக்கி, 25 ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு புரோ வீடியோவில் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். ஸ்லோ மோஷன் மட்டும் கடை விளக்கில் வேண்டாம், அதைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கேள்வி: கேக் வீடியோவுக்கு சினிமாப் பாட்டு போட்டேன். ஒலியை எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் போடுகிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டு, பிசினஸ் கணக்குக்கு உரிமம் பெற்றதல்ல. விற்பனைக்குப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிசினஸ் கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்றிப் பாட்டுப் போடச் சிலர் சொல்வார்கள். அதனாலும் அந்த உரிமை வந்துவிடாது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இசைத் தொகுப்பான மெட்டா சவுண்ட் கலெக்‌ஷனில் உள்ள இசையை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் தடையின்றிப் போடலாம். ஆனால் அந்த அனுமதி மெட்டாவின் தளங்களுக்கு மட்டும். அதே வீடியோ யூடியூப் ஷார்ட்ஸுக்கும் போக வேண்டுமென்றால் யூடியூபின் ஒலி நூலகத்திலிருந்து எடுத்து மறுபடி சேர்க்க வேண்டும். இந்த இரட்டை வேலையே வேண்டாமென்றால், உங்கள் வேலையின் ஓசையே இருக்கட்டும். கிரீம் பீட்டரும், மொறுமொறு பிஸ்கட்டை உடைக்கும் சத்தமும் எந்தத் தளத்திலும் செல்லும்.

கேள்வி: ரீலில் எழுதும் தமிழ் எழுத்துகள் பாதி மறைந்துவிடுகின்றன. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1080க்கு 1920 என்ற அளவில் எடுத்து, மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் காலியாக விடுங்கள், பெயரும் கேப்ஷனும் பட்டன்களும் அங்கேதான் வரும். தலைப்பு நட்ட நடுவில், இரண்டு வரிக்குள். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் புரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாற்றியது. பழைய சதுர அளவு அட்டைப்படங்கள் இப்போது ஓரம் வெட்டுப்படும்.

கேள்வி: மாடித்தோட்ட நாற்றுகள் விற்கிறேன். எனக்கு வாட்ஸ்அப் மட்டும் போதாதா? (வாசகர், கோவை)

பதில்: நாற்று தூரம் போகாது, உங்கள் வாடிக்கையாளர் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அதனால் வாட்ஸ்அப்பே முதன்மையாக இருக்கட்டும், இன்ஸ்டாகிராம் புதியவர்கள் கண்டுபிடிக்க மட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்லாக்கில் 500 பொருள் வரை விலையோடு ஏற்றலாம். ‘குவிக் ரிப்ளை’யில் கடை முகவரி, கட்டண விவரம், டெலிவரி நாள் ஆகியவற்றைச் சேமித்தால், சாய்வுக்கோடு ஒன்றைத் தட்டியதும் வந்து நிற்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பலர் ‘அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை’ என்பது இதனால்தான். ஒவ்வொரு பையிலும் ‘இந்த எண்ணைச் சேமித்தால் புதிய நாற்று வந்ததும் தகவல் வரும்’ என்று ஒரு சீட்டு வையுங்கள். குழுவில் கேட்காமல் சேர்ப்பது வேண்டாம்; எரிச்சலில் பிளாக் செய்துவிடுவார்கள்.

கேள்வி: சிறுதானிய மாவு விற்கிறேன். ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று ஒரு வாடிக்கையாளரே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதைப் போடலாமா? (வாசகி, தருமபுரி)

பதில்: போடாதீர்கள். உணவு ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. சொன்னது வாடிக்கையாளராக இருந்தாலும், நீங்கள் பகிர்ந்தால் அது உங்கள் விளம்பரம். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. என்னென்ன தானியம், எத்தனை சதவீதம், ஒரு டம்ளர் கஞ்சிக்கு எத்தனை ஸ்பூன் மாவு, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் தெரியும்படி லேபிளைக் காட்டுங்கள். ருசி பற்றிய பாராட்டைத் தாராளமாகப் பகிரலாம், அனுப்பியவரிடம் கேட்டு, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு.

கேள்வி: ஏ.ஐ. செயலியில் முறுக்குப் படம் உருவாக்கிப் போடலாமா? (வாசகர், மணப்பாறை)

பதில்: வேண்டாம். வாங்குபவர் கையில் வருவது அந்த முறுக்கு அல்ல. தலைப்பு யோசிக்கவும் எழுத்துப் பிழை பார்க்கவும் ஏ.ஐ. உதவும், பொருளின் படம் உங்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: ஒரு ரீலை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று ஆர்டர்தான் வந்தது. ஏன்? (வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் புரொஃபைலைப் பாருங்கள். எந்த ஊர், என்ன பொருள், எப்படி வாங்குவது, எங்கெல்லாம் அனுப்புவீர்கள் என்ற நான்கும் பயோவில் இருக்கிறதா? வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டால் நேராக உங்கள் எண்ணுக்குப் போகிறதா? இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளை மேலே பின் செய்யலாம்: ஒன்று விலைப்பட்டியல், ஒன்று ஆர்டர் செய்யும் முறை, ஒன்று தயாராகும் விதம். ரீலைப் பார்த்து உள்ளே வந்தவருக்கு இந்த மூன்றும் கண்ணில் படாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்.

அடுத்து, அந்த ரீல் எதைப் பற்றியது? சிரிப்பு வசனத்துக்கு வாயசைத்த வீடியோ என்றால் வந்த கூட்டம் சிரிப்புக்கு வந்த கூட்டம். பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டு, புதிதாக விலை கேட்பவரிடமெல்லாம் ‘எந்தப் பதிவைப் பார்த்துக் கேட்கிறீர்கள்?’ என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். நான்கு வாரம் கழித்து எந்த இரண்டு வகைப் பதிவு விலை கேட்க வைக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் அந்த இரண்டை மட்டும், வேறு துண்டுகளை வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.