சார் சொன்னார், சொந்த ஜிமெயிலில் அனுப்பினேன்: இப்போது மெமோ வந்திருக்கிறது

கேள்வி: நான் ஒரு மாவட்ட அலுவலகத்தில் நலத்திட்டப் பிரிவு உதவியாளர். போன வருடம் எங்கள் அதிகாரி, "நிக் மெயில் வீட்டில் திறக்க மாட்டேங்குது, என் ஜிமெயிலுக்கே போட்டுடுங்கம்மா" என்றார். நிக் மெயில் என்பது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் அலுவலகங்களுக்குத் தரும் மின்னஞ்சல். பயனாளிகள் பட்டியலை என் சொந்த ஜிமெயிலிலிருந்து அவருடைய ஜிமெயிலுக்குப் பலமுறை அனுப்பினேன். பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, மாற்றுத்திறன் சதவீதம் எல்லாம் அதில் உண்டு. இப்போது சில பயனாளிகளுக்கு மோசடி அழைப்புகள் வருகின்றன. கணக்கு எண்ணைச் சொல்லியே பேசுகிறார்களாம். ஒருவர் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டார். என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. மாறுதலில் போய்விட்ட அந்த அதிகாரி போனில், "நான் சொன்னதா எழுதாதீங்க, எல்லா மெயிலையும் டெலீட் பண்ணிடுங்க" என்கிறார். அரசு ரகசியச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒரு மெயிலைக்கூட அழிக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே சிலவற்றை அழித்திருந்தால் இன்றைக்கே ஜிமெயிலின் குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். அழித்தது 30 நாள் வரை அங்கே கிடக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

காரணம் எளிது. அதிகாரி உங்களுக்கு வாயால்தான் உத்தரவிட்டார். அலுவலகக் குறிப்பில், தன்பதிவேட்டில், இ-ஆபீஸ் என்ற இணையக் கோப்பு முறையில் எங்கும் அது இல்லை. அவர் சொல்லித்தான் அனுப்பினீர்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி உங்கள் அனுப்பிய அஞ்சல் பெட்டியும், அவரிடமிருந்து வந்த பதில்களும்தான். "14-வது வரிசையில் கணக்கு எண் தப்பு, திருத்தி அனுப்புங்க" என்பதுபோல் ஒரு பதில் அதில் கிடந்தால், உங்கள் விளக்கத்தில் பாதி எழுதி முடிந்த மாதிரி. அவர் தன் பக்கத்தை எப்போதோ துடைத்திருப்பார். மிச்சம் இருப்பது உங்களுடையது. அழிப்பதால் லாபம் யாருக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 "தகவல்" என்பதற்குத் தரும் விளக்கத்தில் மின்னஞ்சலும் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. அரசு வேலைக்காக எழுதிய மெயில் சொந்தக் கணக்கில் கிடப்பதாலேயே சொந்தக் கடிதம் ஆகிவிடாது. யாராவது தகவல் கேட்டு மனுப் போட்ட பிறகு அந்தத் தகவலை அழித்தால், பொதுத் தகவல் அலுவலருக்கு அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவில் ரூ.25,000 வரை அபராதம் விதிக்க முடியும். விசாரணையிலோ நீதிமன்றத்திலோ சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்கக்கூடாது என்றே அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 241-வது பிரிவின்படி தனிக் குற்றம். இன்றைக்கு உங்கள்மீது இருப்பது கவனக்குறைவு என்ற புகார் மட்டும்தான். அதைக் குற்ற வழக்காக மாற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

அடுத்தது ஜெயில் பயம். அரசு ரகசியச் சட்டம், 1923-இன் 5-வது பிரிவு வேண்டுமென்றே வெளியிட்டவரை மட்டும் தொடுவதில்லை. ஆவணத்தைப் போதிய கவனத்தோடு பாதுகாக்காதவரையும் தொடும். அந்த அளவில் உங்கள் நண்பர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அரசு அல்லது அரசு அதிகாரம் கொடுத்தவர் புகார் செய்தால் தவிர, அந்தச் சட்டத்தில் எந்த நீதிமன்றமும் வழக்கைக் கையிலெடுக்க முடியாது. நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலுக்காக அரசு அந்த ஆயுதத்தைத் தூக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆதார் சட்டம், 2016-இன் 37-வது பிரிவை யாராவது காட்டலாம். மூன்று ஆண்டு வரை சிறை உள்ள பிரிவுதான். ஆனால் அது வேண்டுமென்றே வெளியிடுவதைப் பற்றியது; அதுவும் ஆதார் பதிவின்போதோ சரிபார்ப்பின்போதோ திரட்டிய அடையாளத் தகவலைப் பற்றியது. விண்ணப்பத்தோடு வந்த நகலைப் பார்த்து எக்ஸெல்லில் அடித்த எண்ணுக்கு அது பொருந்துமா என்று நன்றாகவே வாதாடலாம். கவனக்குறைவு வேறு, குற்ற மனம் வேறு என்ற இந்தக் கோடு எல்லா நாட்டிலும் உண்டு. ஹிலாரி கிளிண்டன் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த மெயில் சர்வரைப் பயன்படுத்திய விவகாரத்தில், 2016 ஜூலையில் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் அவரும் உடனிருந்தவர்களும் மிகவும் அஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் வழக்குத் தொடரப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனில் 2022 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் அரசு ஆவணத்தைச் சொந்த மெயிலிலிருந்து அனுப்பியதற்காகப் பதவி விலகினார். சிறைக்குப் போகவில்லை, நாற்காலி போனது. உங்கள் விஷயத்திலும் ஆபத்து அந்தப் பக்கம்தான், அதாவது துறை நடவடிக்கை.

மெமோவை மறுபடி படியுங்கள். வெறும் விளக்கம் கேட்பதா, தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஏ)-யா, 17(பி)-யா? விளக்கம் மட்டும் என்றால் இன்னும் குற்றச்சாட்டே வரவில்லை. 17(ஏ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகள். 17(பி) என்றால் விசாரணை அலுவலர் வருவார். ஆவண நகல் கேட்கவும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதுவானாலும், எந்த ஆவணங்களை வைத்துக் கேட்கிறார்கள் என்பதற்கு முதலில் நகல் கேளுங்கள், பதிலுக்கு அவகாசமும் கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் கேட்டு, அலுவலகத் தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தப் பட்டியல், யார் கேட்டார், யார் பதில் போட்டார். "எனக்கு மெயில் பற்றித் தெரியாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பலமுறை அனுப்பியிருக்கிறீர்கள், அது நிற்காது. வாய்மொழி உத்தரவு பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் அவரே பின்னர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 3-வது விதி. நீங்கள் மாநில ஊழியர், அந்த விதி உங்களை நேரடியாகக் கட்டாது. ஆனால் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சொல்லி, மாநிலங்களும் அப்படி அறிவுறுத்தல் வெளியிட வேண்டும் என்றது. அதைக் காட்டுங்கள். எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்கும்: "நீங்கள் ஏன் எழுத்தில் கேட்கவில்லை?" கேட்காதது உங்கள் பக்கத்துக் குறைதான், மறுக்க வேண்டாம். ஓர் உதவியாளர் தன் அதிகாரியிடம் "சார், இதை எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பது விசாரணை அலுவலருக்கும் தெரியும்.

மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கையையும் மெமோவில் சொல்லியிருக்கலாம். அரசு ஊழியர்கள் வெளிநாட்டு சர்வர்களில் உள்ள மெயிலைப் பயன்படுத்துவதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் கே.என். கோவிந்தாச்சார்யா தொடுத்த வழக்கின் பின்னணியில், 2015-இல் அறிவிக்கப்பட்ட கொள்கை அது. அரசு மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. மத்திய அரசின் மெயில் சேவையைப் பயன்படுத்தும் மாநில ஊழியர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் அலுவலகத்துக்கு நிக் முகவரி இருக்கிறது, ஆகவே பொருந்தாது என்று வாதாட வேண்டாம். அந்தக் கொள்கையை உங்களுக்கு யாராவது சுற்றறிக்கையாகத் தந்தார்களா, பயிற்சி கொடுத்தார்களா, உங்கள் பிரிவுக்குத் தனி முகவரி இருந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே முகவரி, அதன் கடவுச்சொல் ஒருவர் கையில், அவர் விடுப்பில் போனால் எல்லாம் ஜிமெயிலில்தான் நடக்கும். எழுத்தில் வர வேண்டிய உண்மை இது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ரூ.250 கோடி வரை அபராதம் என்பது தரவைக் கையாளும் அமைப்புக்கு. தனி எழுத்தருக்கு அல்ல. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோதே முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்துவிட்டார்கள். போன வருடத்துச் சம்பவத்துக்கு இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

கசிவு எங்கிருந்து என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால் உங்கள் ஜிமெயிலில் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்திருக்கின்றன என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். தெரியாத கருவி இருந்தால் படம் எடுத்த பிறகு வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். கசிந்தது அவருடைய கணக்கிலிருந்தா உங்களுடையதிலிருந்தா என்ற கேள்வி வரும்போது அந்தப் படம் பேசும். பின்னால் நீதிமன்றம் வரை போனால், மெயில் அச்சுப்பிரதியோடு மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எனக்கு அனுப்பிய கேள்வியோடு அந்தப் பட்டியலையே இணைத்திருந்தீர்கள். அதைத் திறக்காமல் நீக்கிவிட்டேன். என்னிடம் வந்தது நகல்தான், மூலம் உங்களிடம் இருக்கிறது. வக்கீலுக்கு, சங்கத் தலைவருக்கு, மைத்துனருக்கு என்று "ஆதாரம்" அனுப்புகிறேன் பேர்வழி என்று அந்த ஆதார் எண்களை இன்னும் நாலு பேரிடம் சேர்க்காதீர்கள். மெயில்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். விளக்கத்தோடு வைக்க வேண்டியது மெயிலின் தலைப்பு, தேதி, அனுப்பியவர், பெற்றவர், அவருடைய பதில் மட்டும், பட்டியல் வேண்டாம். விசாரணை அலுவலர் கேட்டால் அவர் முன்னிலையில் திறந்து காட்டுங்கள்.

பழைய அதிகாரி மறுபடி கூப்பிட்டால் வாக்குவாதம் வேண்டாம். "சார், விளக்கம் எழுதிட்டிருக்கேன், நடந்ததைத்தான் எழுதுவேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் அழைத்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்கச் சொன்னதையும் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், ஆனால் அதற்கு முன் உங்கள் ஊரில் பணி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

மோசடி அழைப்பு வந்த பயனாளிகளை மறந்துவிட வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். தாமதமானால் பணத்தை முடக்குவது கடினம். பட்டியலில் உள்ள எல்லோரையும் எச்சரிக்க வேண்டும் என்று இப்போதைய அதிகாரிக்கு ஒரு குறிப்பு வையுங்கள். அந்தக் குறிப்பு அலுவலகக் கோப்பில், ந.க. எண் என்ற கோப்பு எண்ணோடு, அலுவலக மெயிலில் போகட்டும்.