சைடு கன்ட்ரோல்: நகரும்போது பிடி நழுவுவது ஏன்?

கேள்வி: ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) பழகுகிறேன். கார்டை, அதாவது கீழே இருப்பவர் கால்களால் போடும் தடுப்பைத் தாண்டி, சைடு கன்ட்ரோல் (பக்கவாட்டில் நெஞ்சின்மேல் நெஞ்சு வைத்து அமுக்கும் பிடி) பிடித்துவிடுகிறேன். அங்கிருந்து மவுண்டுக்கு (இருபுறமும் கால் போட்டு அவர்மேல் உட்காரும் நிலை) போக முயன்றால், கீழே இருப்பவர் முட்டியை நுழைத்து மறுபடியும் கார்டு போட்டுவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் கோளாறு நீங்கள் நகரும் நேரத்தில்தான். அவர் சும்மா கிடக்கும்போது நீங்களாக எழுந்தால், அவர் காத்திருந்த இடைவெளி கிடைத்துவிடும். அவர் அசையட்டும்; அந்த அசைவுக்கு ஏற்ப நீங்கள் நகருங்கள்.

முதலில் அடிப்படை. ஒரு கை அவர் கழுத்துக்கு அடியில். அந்தத் தோளால் தாடையை அழுத்தி, முகத்தை உங்களைப் பார்க்காதபடி திருப்புங்கள். முகம் அந்தப் பக்கம் இருக்கும்வரை உடலை உங்கள் பக்கம் திருப்புவது அவருக்குக் கடினம். மறு கை, உங்களுக்கு எதிர்ப்பக்கம் உள்ள அவர் கைக்கு அடியில் கொக்கிபோல் மாட்டட்டும்; இதுதான் அண்டர்ஹூக். முட்டிகளைத் தரையில் ஊன்றினால் உங்கள் எடை தரைக்குப் போய்விடும். கால்விரல்களை ஊன்றி முட்டியை லேசாகத் தூக்குங்கள்; எடை நெஞ்சு வழியாக அவர்மேல் இறங்கும்.

இடுப்பை நழுவவிட்டு முட்டியை நுழைக்கிறாரா? அண்டர்ஹூக்கை விட்டு, அந்தக் கையால் உங்கள் பக்கமுள்ள அவர் முட்டியைக் கீழே அழுத்துங்கள். கூடவே அவர் கால்களைப் பார்த்தபடி இடுப்பைத் திருப்பி உட்காருங்கள். விலா அவர் நெஞ்சிலேயே இருக்கட்டும். மவுண்டுக்கு இங்கிருந்து போவதுதான் நல்லது. காலை உயரத் தூக்கி வீசாதீர்கள், அந்தக் கணத்தில்தான் ஹாஃப் கார்டில் (உங்கள் ஒரு காலை அவர் கால்களுக்கிடையே பூட்டும் நிலை) மாட்டுவீர்கள். முட்டியை அவர் வயிற்றின் குறுக்கே உரசியபடி தள்ளுங்கள். அது மறுபக்கம் தரையைத் தொடும்வரை தடுக்கும் கையை எடுக்கவே கூடாது.

அவர் உங்கள் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்துத் திரும்பினால், அந்தக் கையை மேலிருந்து சுற்றிப் பிடித்து கேசா கட்டாமேக்கு (அவர் பக்கத்தில் இடுப்பை ஊன்றி உட்கார்ந்து, தலையையும் கையையும் பிடிக்கும் நிலை) உட்காருங்கள். இரு கைகளையும் நீட்டி உங்கள் நெஞ்சைத் தள்ளினால் நீ-ஆன்-பெல்லி, அதாவது முட்டியை அவர் வயிற்றில் வைத்து அழுத்தும் நிலை. நீட்டிய கை ஆர்ம்பாருக்கும் (முழங்கையை நீட்டி வளைக்கும் பூட்டு) கிடைக்கும். முதுகு காட்டித் திரும்பினால் முதுகையே பிடியுங்கள்.

ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டி விதிப்படி சைடு கன்ட்ரோலுக்கென்று தனிப் புள்ளி இல்லை. கார்டு தாண்டினால் 3, நீ-ஆன்-பெல்லிக்கு 2, மவுண்டுக்கு 4. ஒவ்வொன்றையும் 3 விநாடி நிலைநிறுத்த வேண்டும். அவசரமாகத் தாவி நழுவவிடுவதில் பயனில்லை.

பயிற்சிக்கு: கைகளை உங்கள் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, பாதி பலத்தில் தப்பிக்கப் பார்க்கும் ஒருவர்மேல் 2 நிமிடம் நெஞ்சால் மட்டும் நில்லுங்கள். எந்தத் திருப்பத்தில் நெஞ்சும் இடுப்பும் ஒன்றாக எழுகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். அந்தத் திருப்பத்தை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.